நோட்டீஸில் கடைசி வரி: மோட்டவுன் வாத்தியக்காரர்களும் நம் மேளக்காரர்களும்

எங்கள் பகுதியில் நடந்த ஒரு அண்ணல் பிறந்தநாள் விழா நோட்டீஸ் இன்னும் என்னிடம் இருக்கிறது. தலைமை, முன்னிலை, வரவேற்புரை, வாழ்த்துரை, சிறப்புரை, நன்றியுரை என்று முப்பதுக்கு மேற்பட்ட பெயர்கள், ஒவ்வொன்றுக்கும் கீழே பொறுப்பு. கடைசியில் ஒரே வரி: "விழாவில் பறையிசை, நையாண்டி மேளம் உண்டு." அன்று மாலை அந்த ஒரு வரிக்குள் நின்றவர்கள் பதினோரு பேர். கூட்டத்தைத் திரட்டியதும் அவர்கள்தான், பேச்சாளர் வர இரண்டு மணி நேரம் தாமதமானபோது கலையாமல் பிடித்து வைத்ததும் அவர்கள்தான். நோட்டீஸுக்கு எழுத்துப்பிழை பார்த்துக் கொடுத்தவன் நான். "முன்னிலை"யில் ஒருவர் பெயர் விடுபட்டதைக் கண்டுபிடித்தேன். பதினோரு பேர் விடுபட்டது என் கண்ணில் படவில்லை.

இதை இப்போது எழுதுவதற்குக் காரணம் ஓர் அமெரிக்க இசைத்தட்டு. 1971 மே 21 அன்று வெளியான மார்வின் கேயின் 'வாட்ஸ் கோயிங் ஆன்'. ஒன்பது பாட்டு, முப்பத்தைந்து நிமிடம். வியட்நாம் போர், போலீஸ் அடி, வேலையின்மை, போதை, நஞ்சாகிப்போன காற்றும் தண்ணீரும் என்று ஒரு கறுப்பின இளைஞன் வீட்டுக்குத் திரும்பி வந்து பார்க்கிற நாட்டைப் பற்றியது. 2020இல் 'ரோலிங் ஸ்டோன்' பத்திரிகை எல்லாக் காலத்துக்குமான 500 ஆல்பங்களின் பட்டியலில் இதை முதலிடத்தில் வைத்தது. கல்லூரித் தோழர்கள் பலரின் போனிலும் இந்தப் பாட்டு இருக்கிறது. மார்வின் கேயைத் தெரியும் என்கிறார்கள். அதில் பேஸ் கிட்டார் வாசித்தது யார் என்று கேட்டால் முழிக்கிறார்கள். நானும் நெடுநாள் அப்படித்தான் இருந்தேன்.

மோட்டவுன் கம்பெனியிலிருந்து தொடங்க வேண்டும். டெட்ராய்ட் கார் தொழிற்சாலைகளின் நகரம். தெற்கு மாநிலங்களின் பருத்திக் காடுகளிலிருந்து தப்பித்து வேலை தேடி வந்த கறுப்பின மக்கள் நிறைந்த ஊர். அங்கே ஒரு கார் தொழிற்சாலையின் அசெம்பிளி லைனில் வேலை பார்த்த பெர்ரி கோர்டி, குடும்பத்தாரிடம் 800 டாலர் கடன் வாங்கி 1959இல் இசைத்தட்டுக் கம்பெனி தொடங்கினார். வெஸ்ட் கிராண்ட் பூல்வார்டில், முன்பு ஒரு போட்டோ ஸ்டுடியோவாக இருந்த சாதாரண வீடு. அதன் பின்பக்க அறைதான் ஒலிப்பதிவுக் கூடம். கூரையிலிருந்து ஒயர்கள் தொங்கிக்கொண்டிருந்ததால் வாத்தியக்காரர்கள் அதற்கு வைத்த பெயர் 'பாம்புக் குழி'. கார் தொழிற்சாலை மாதிரியேதான் கோர்டி பாட்டுத் தயாரித்தார். ஒருவர் எழுதுவார், ஒருவர் மெட்டமைப்பார், பாடுகிறவர்களுக்கு நடையும் உடையும் சொல்லிக்கொடுக்கத் தனி ஆள். முடிந்த பாட்டைச் சோதித்துப் பார்க்க வெள்ளிக்கிழமைதோறும் தரக்கட்டுப்பாட்டுக் கூட்டம்!

ஒரு கறுப்பர் நடத்திய கம்பெனி அமெரிக்கா முழுக்கக் கறுப்பரின் குரலைக் கொண்டுபோனது பெரிய சாதனை. அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தத் தொழிற்சாலையிலும் தொழிலாளிகள் இருந்தார்கள். தங்களை 'ஃபங்க் பிரதர்ஸ்' என்று அழைத்துக்கொண்டவர்கள். பியானோவில் ஜோ ஹண்டர், அவருக்குப் பின் எர்ல் வான் டைக். கிட்டாரில் ராபர்ட் ஒயிட், எடி வில்லிஸ், ஜோ மெஸ்ஸினா. டிரம்ஸில் பென்னி பெஞ்சமின், யூரியல் ஜோன்ஸ், ரிச்சர்ட் 'பிஸ்டல்' ஆலன். தம்பூரினில் ஜாக் ஆஷ்ஃபோர்ட், போங்கோவில் எடி பிரவுன். பேஸ் கிட்டாரில் ஜேம்ஸ் ஜேமர்சன். பகலில் ஸ்டுடியோ, இரவில் கிளப்புகளில் ஜாஸ். ஆரம்ப காலத்தில் ஒரு பாட்டுக்குக் கிடைத்தது சில டாலர்கள்தான். பாட்டு லட்சக்கணக்கில் விற்றாலும் அந்தச் சில டாலரோடு கணக்கு முடிந்தது. தட்டின் உறையில் பாடகர் பெயர் இருக்கும், எழுதியவர் பெயர் இருக்கும், தயாரிப்பாளர் பெயர் இருக்கும். இவர்கள் பெயர் இருக்காது. பத்தாண்டுக்கு மேல் இப்படித்தான் ஓடியது.

ஜேமர்சனைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1936இல் தெற்குக் கரோலினாவின் எடிஸ்டோ தீவில் பிறந்தவர். சிறுவனாக இருந்தபோது ஒரு குச்சியில் ரப்பர் நாடாவைக் கட்டி, எறும்புப் புற்றில் நட்டு, மீட்டி எறும்புகளை ஆட வைப்பாராம். வில்லுப்பாட்டு கேட்டு வளர்ந்த நமக்கு இது வேடிக்கையாகத் தெரியாது. நாண் கட்டிய எதிலும் தாளம் இருக்கிறது என்று நம் ஊர்ப் பிள்ளைகளுக்கும் தெரியும். டெட்ராய்ட் வந்து பள்ளியில் பெரிய டபுள் பேஸ் கற்றார். பிறகு மின் பேஸ் கிட்டார். ஒரே விரல், ஆட்காட்டி விரல், அதனால் மட்டும் மீட்டுவார். அந்த விரலுக்கு 'கொக்கி' என்று பட்டப்பெயர். அதுவரை பேஸ் என்றால் பின்னால் நின்று அடித்தளம் போடும் வேலை. ஜேமர்சன் கைக்கு வந்தபின் அது பாடகனோடு பேசத் தொடங்கியது. நல்ல தவில்காரர் நாதஸ்வரத்தைத் தொடர்ந்துகொண்டே கேள்வி கேட்பார் இல்லையா, அது மாதிரி.

எடிஸ்டோ தீவிலிருந்து வெகுதூரம் இல்லை ஸ்டோனோ ஆறு. 1739 செப்டம்பரில் அந்த ஆற்றங்கரையில் அடிமைகள் கிளர்ந்தெழுந்தார்கள். முரசு அடித்து ஆள் திரட்டிக்கொண்டு தெற்கே நடந்தார்கள். கிளர்ச்சி ரத்தத்தில் அடக்கப்பட்டது. அடுத்த ஆண்டு, 1740இல், தெற்குக் கரோலினா ஒரு சட்டம் கொண்டுவந்தது. அடிமைகள் முரசும் கொம்பும் வைத்திருக்கக் கூடாது. எழுதக் கற்றுக்கொடுப்பதும் அதே சட்டத்தில் குற்றம். முரசைப் பிடுங்கினால் செய்தி பரவாது என்று ஆண்டைகள் கணக்குப் போட்டார்கள். கறுப்பின மக்கள் தாளத்தைக் கைத்தட்டலிலும் காலடியிலும் ஒளித்து வைத்தார்கள், பிறகு தேவாலயப் பாட்டில் வைத்தார்கள். அங்கிருந்துதான் காஸ்பல், அதிலிருந்து சோல். மார்வின் கேயின் அப்பா பெந்தெகொஸ்தே சபைப் போதகர். அந்தச் சபையில்தான் மகன் பாடத் தொடங்கினார்.

நம் கதை இதற்குத் தலைகீழ். அங்கே முரசு தடை, இங்கே முரசு கட்டாயம். பறை அடிப்பது இவர்கள் வேலை, சாவுக்கு அடி, திருவிழாவுக்கு அடி, ஊர்ச் சேதி சொல்ல அடி. மாட்டேன் என்று சொல்ல உரிமை இல்லை. அதனால்தான் பறையை வீசி எறிந்ததும் நம் போராட்ட வரலாற்றில் ஒரு பக்கம், அதே பறையை மேடையில் எடுத்து அடித்ததும் இன்னொரு பக்கம். "பறை விடுதலை இசையா, அடிமைச் சின்னமா?" என்று வாட்ஸ்அப்பில் இரவெல்லாம் சண்டை போடும் தம்பி தங்கைகளுக்கு ஒன்று சொல்வேன். தோல் இரண்டிலும் அதே தோல்தான். அடிக்கச் சொல்வது யார், கூலி எவ்வளவு, மறுக்க முடியுமா, பெயர் எங்கே என்பதைப் பாருங்கள். விடை அங்கே கிடைக்கும்.

இங்கே ஓர் இடைச்செருகல். தேவாலயம் என்றதும் மயிலாடி நினைவுக்கு வருகிறது. சாம்பவர் சமூகத்தில் பிறந்த மகாராசன், சிதம்பரம் யாத்திரை போய்த் திரும்பும் வழியில் தஞ்சாவூரில் மதம் மாறி வேதமாணிக்கம் ஆனார். அவர் அழைப்பால்தான் ரிங்கல்தௌபே 1806இல் மயிலாடிக்கு வந்தார். தென் திருவிதாங்கூரின் சீர்திருத்தச் சபை தொடங்கியது ஒரு சாம்பவரின் வீட்டில் என்பதைச் சொல்லாமல் இந்த மாவட்டத்துக் கீர்த்தனை வரலாற்றை எழுத முடியாது. ஆனால் சபைகளுக்குள் சாதி தங்கியது எப்படி, பாடகர் குழுவில் யார் நின்றார்கள் என்பது தனிக் கட்டுரைக்குரிய விஷயம்.

டெட்ராய்ட்டுக்குத் திரும்புவோம். 1967 ஜூலையில் போலீஸ் ரெய்டு ஒன்றில் தொடங்கிய கிளர்ச்சியில் அந்த நகரம் ஐந்து நாள் எரிந்தது. 43 பேர் செத்தார்கள். 1969 மே மாதம் 'ஃபோர் டாப்ஸ்' குழுவின் ரெனால்டோ பென்சன் கலிபோர்னியாவில் பெர்க்லி வழியாகப் போகும்போது, பூங்கா ஒன்றுக்காகப் போராடிய இளைஞர்களைப் போலீஸ் அடிப்பதைப் பார்த்தார். இங்கே என்ன நடக்கிறது என்று மனதில் எழுந்த கேள்விதான் பாட்டாயிற்று. பாடலாசிரியர் அல் கிளீவ்லாண்டோடு சேர்ந்து எழுதினார். அவருடைய சொந்தக் குழு இது கலகப் பாட்டு என்று ஒதுங்கிக்கொண்டது. பாட்டு மார்வின் கேயிடம் போனது. கேயின் தம்பி வியட்நாமிலிருந்து எழுதிய கடிதங்கள் வீட்டில் கிடந்தன. அவரோடு சேர்ந்து பாடிய டாமி டெரல் 1970 மார்ச்சில் 24 வயதில் மூளைக் கட்டியால் இறந்திருந்தார். காதல் பாட்டுப் பாடும் மனநிலையில் கேய் இல்லை.

1970 ஜூனில் ஒலிப்பதிவு. இதைப் பற்றிய கதைகள் எல்லாம் வாத்தியக்காரர்களின் கதைகளாக இருப்பதைக் கவனியுங்கள். பாட்டின் தொடக்கத்தில் வரும் சாக்ஸபோன், ஈலை ஃபோன்டேன் வாத்தியத்தைச் சூடு பண்ண ஊதிப் பார்த்தது. அதுவே போதும், வீட்டுக்குப் போகலாம் என்றாராம் கேய். சும்மா விளையாடிக்கொண்டிருந்தேன் என்று ஃபோன்டேன் சொல்ல, அருமையாக விளையாடினீர்கள் என்று பதில். கேயின் குரல் இரண்டாக ஒன்றின்மேல் ஒன்று கேட்பது, இஞ்சினியர் இரண்டு டேக்குகளைத் தவறுதலாகச் சேர்த்து ஒலிக்கவிட்டதால் வந்தது. ஜேமர்சனை அந்த இரவு ஏதோ கிளப்பில் தேடிப் பிடித்துக் கொண்டுவந்தார்களாம். குடித்திருந்தார், ஸ்டூலில் உட்கார முடியவில்லை. தரையில் மல்லாந்து படுத்துக்கொண்டு வாசித்தார். இசைக்கோர்ப்பாளர் டேவிட் வான் டி பிட் எழுதித் தந்த தாளைப் பார்த்து வாசித்ததாகச் சொல்கிறார்கள். வீட்டுக்குப் போய் மனைவியிடம், இன்று வாசித்தது காலத்துக்கும் நிற்கும் என்றாராம். குடிகார மேதை என்ற இந்தப் படத்தை ரசிக்க எனக்கு மனம் வரவில்லை. நம் மேளக்காரர்களைப் பற்றியும் இதே கதையை இதே சிரிப்போடு சொல்கிறோம். இரவெல்லாம் நின்று வாசிப்பவன் ஏன் குடிக்கிறான் என்று மட்டும் கேட்பதில்லை.

கோர்டிக்குப் பாட்டுப் பிடிக்கவில்லை. போர், போலீஸ் என்று பாடினால் விற்காது என்றார். இதை வெளியிடாதவரை வேறெதுவும் பதிவு செய்ய மாட்டேன் என்று கேய் உட்கார்ந்துவிட்டார். வேலைநிறுத்தம் என்றுதான் அதைச் சொல்ல வேண்டும். 1971 ஜனவரியில் பாட்டு வெளியாகி உடனே விற்றுத் தீர்ந்தது. அதன்பின் கோர்டியே முழு ஆல்பம் கேட்டார். மார்ச் மாதம் சில நாட்களில் மிச்சப் பாட்டுகள் பதிவாயின. சிலவற்றில் ஜேமர்சனுக்குப் பதில் பாப் பேபிட் பேஸ் வாசித்தார்.

மே மாதம் வெளிவந்த ஆல்பத்தின் விரியும் உறைக்குள், மோட்டவுன் வரலாற்றில் முதல் தடவையாக, வாத்தியக்காரர்களின் பெயர்கள் அச்சாகியிருந்தன. ஜேமர்சன் பெயருக்கு முன்னால் 'ஒப்பற்ற' என்று ஓர் அடைமொழி. பன்னிரண்டு ஆண்டு கழித்து! அதுவரை அமெரிக்காவே அந்த மனிதர் தாளத்துக்கு ஆடிக்கொண்டிருந்தது, பெயர் தெரியாமல்.

பெயர் வந்ததும் வாழ்க்கை மாறிவிட்டது என்று எழுத ஆசைதான். மாறவில்லை. அடுத்த ஆண்டே, 1972இல், மோட்டவுன் லாஸ் ஏஞ்சல்ஸுக்கு இடம் மாறியது. டெட்ராய்ட் வாத்தியக்காரர்களுக்கு முறையான அறிவிப்புகூட இல்லை. ஒருநாள் வேலைக்கு வந்தபோது இன்று ஒலிப்பதிவு இல்லை என்று கதவில் தாள் ஒட்டியிருந்தது என்று அவர்கள் பின்னாளில் சொன்னார்கள். ஜேமர்சன் கம்பெனிக்குப் பின்னாலேயே லாஸ் ஏஞ்சல்ஸ் போனார். வேலை குறைந்தது, குடி கூடியது. 1983இல் மோட்டவுனின் 25ஆம் ஆண்டு விழா தொலைக்காட்சிக்காகப் பெரிய அரங்கில் நடந்தது. அழைப்பு இல்லை. பிளாக்கில் டிக்கெட் வாங்கி மாடியில் உட்கார்ந்து பார்த்தார் என்பது அவர் நண்பர்கள் சொன்ன கதை. அதே ஆண்டு ஆகஸ்ட் 2இல் இறந்தார், வயது 47. பல வருடம் வாசித்த அந்தப் பழைய பேஸ் கிட்டார் சாவதற்குக் கொஞ்ச நாள் முன்பு திருடு போயிருந்தது. 2000இல் ராக் அண்ட் ரோல் புகழ் மண்டபத்தில் இடம், 2002இல் இவர்களைப் பற்றிய ஆவணப்படம், 2004இல் ஃபங்க் பிரதர்ஸுக்கு கிராமியின் வாழ்நாள் சாதனை விருது. அதற்குள் பாதிப்பேர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

இது மோட்டவுனின் குற்றம் மட்டும் என்று நினைக்க வேண்டாம். ஜேம்ஸ் பிரவுனின் குழுவில் டிரம்ஸ் வாசித்த கிளைட் ஸ்டபிள்ஃபீல்ட் 1969இல் ஒரு பாட்டின் நடுவே வாசித்த சில நொடித் தாளத்தை வெட்டி எடுத்து ஹிப்ஹாப் உலகம் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பாட்டுகளில் பயன்படுத்திவிட்டது. பாட்டின் உரிமை பிரவுன் பெயரில். 'கறுப்பன் என்று உரக்கச் சொல், பெருமையோடு சொல்' என்ற பொருளில் 1968இல் உலகத்துக்கே பாடிக்காட்டிய அதே பிரவுன். இனப்பெருமை பேசும் மேடையிலும் கூலிக் கணக்கு தனியாகத்தான் கேட்க வேண்டியிருக்கிறது. நம் இயக்கங்களுக்குள் இதைப் பேசினால் முகம் சுளிப்பார்கள், தெரியும்.

1946இல் அண்ணல் அம்பேத்கர் டபிள்யூ. இ. பி. டு பாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். 1972இல் பம்பாயில் தலித் பேந்தர்ஸ் உருவானது. கறுப்பின மக்களின் அரசியலிலிருந்து நாம் எடுத்துக்கொண்டது நிறைய. இசையிலிருந்தும் எடுத்தோம். 2018 ஜனவரி 6 அன்று சென்னை கீழ்ப்பாக்கத்தில் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' முதன்முதலாக மேடையேறியபோது கானாவும் ராப்பும் ராக்கும் பறையும் ஒன்றாக நின்றன. பா. ரஞ்சித்தின் நீலமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்த்த குழு, 19 பேர். பெயர் அயோத்திதாசப் பண்டிதரின் 'சாதியற்ற' தமிழரிலிருந்து வந்தது. எனக்கு அதில் பிடித்தது, ஒரு நாயகன் இல்லாமல் குழுவாக நின்றது. சட்டி அடித்தவரும் பறை அடித்தவரும் முன்வரிசைக்கு வந்தார்கள். இசைவாணி என்ற பெயர் அங்கிருந்துதான் 2020இல் பிபிசியின் நூறு பெண்கள் பட்டியல் வரை போனது.

பிறகு 'எஞ்சாயி எஞ்சாமி'. 2021 மார்ச். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த தன் பாட்டி வள்ளியம்மாளின் கதையிலிருந்து அறிவு எழுதிப் பாடியது, தீ உடன் பாடினார், சந்தோஷ் நாராயணன் தயாரிப்பு. ஆகஸ்டில் அந்தப் பாட்டையும் இன்னொரு பாட்டையும் குறிப்பிட்டு இந்திய 'ரோலிங் ஸ்டோன்' போட்ட அட்டையில் அறிவு இல்லை. ரஞ்சித் வெளிப்படையாகக் கேட்ட பிறகு அறிவுக்குத் தனி அட்டை வந்தது. 2022 ஜூலையில் சென்னைச் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அந்தப் பாட்டு ஒலித்தபோதும் மேடையில் அறிவு இல்லை. பாட்டு யாருடையது, யார் எவ்வளவு செய்தார்கள் என்று மூன்று தரப்பும் பொதுவெளியில் எழுதினார்கள். நான் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. ஆனால் நிலத்தை உழுதவனுக்கு நிலம் இல்லை என்ற பாட்டுக்கே இது நடந்தது. 2024இல் சந்தோஷ் நாராயணனே, அந்தப் பாட்டிலிருந்து தங்கள் யாருக்கும் பணம் வரவில்லை என்றார்.

பெயர் என்பது மரியாதைக்காக மட்டும் என்று நினைக்கிறவர்கள் நம் சட்டத்தைப் படிக்க வேண்டும். பதிப்புரிமைச் சட்டம் நிகழ்த்துநர் என்பதில் நடிகர், பாடகர், வாத்தியக்காரர், ஆட்டக்காரர் எல்லோரையும் சேர்த்திருக்கிறது, பாம்பாட்டிகூட உண்டு. 2012 திருத்தத்துக்குப் பின் அவர்கள் நிகழ்த்தியது வணிகமாகப் பயன்பட்டால் ராயல்டி கேட்கலாம், தன் பெயரைக் குறிப்பிடச் சொல்லியும் கேட்கலாம். ஆனால் சினிமாவுக்கு ஒரு விதிவிலக்கு வைத்திருக்கிறார்கள். சிறு பங்களிப்பாக இருந்து, தொழில் வழக்கப்படி டைட்டில் உட்பட எங்கும் பெயர் போடப்படாதவர் நிகழ்த்துநராகவே கருதப்பட மாட்டார், நிகழ்ச்சியைச் சிதைத்தால் எதிர்க்கும் உரிமை ஒன்றைத் தவிர. பெயர் போடாதவனே, பெயர் இல்லையே என்று காட்டி உரிமையை மறுக்கலாம். ஒரு சாவு வீட்டுக் காட்சிக்குப் பறையடிக்க வேனில் ஏற்றிக்கொண்டு போகப்படும் நம் ஆட்கள் அந்த விதிவிலக்குக்குள்தான் தள்ளப்படுவார்கள்.

நம் மாவட்டத்தைப் பாருங்கள். கொடை நடக்காத சுடலைமாடன் கோயில் இல்லை. கணியான் கூத்தில் மகுடம் அடிப்பவர், வில்லிசையில் குடம் அடிப்பவர், கரகத்துக்குப் பின்னால் விடியும்வரை தவிலும் பம்பையும் வாசிப்பவர்கள். வில்லுப்பாட்டு என்றால் புலவரின் பெயர் போஸ்டரில் வரும், குழுவினர் "மற்றும் குழுவினர்". கரகாட்டம் என்றால் ஆடுகிறவர் படம் வரும், மேளம் "செட்". அலங்காநல்லூர் வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ கிடைத்தபோது எல்லோரும் கொண்டாடினோம். ஒரு பறைக் கலைஞரின் பெயர் அரசுப் பட்டியலில் வந்தது சிறிய விஷயம் இல்லை. அதே வாரம் நம் கூட்டங்களின் நோட்டீஸ்களிலும் "பறையிசை உண்டு" என்றுதான் இருந்தது.

இந்த ஆண்டு நோட்டீஸ் என் கைக்கு வந்தபோது கடைசி வரியை அடித்துவிட்டு, குழுத் தலைவரிடம் பெயர்ப் பட்டியல் கேட்டேன். அச்சகத்தில் இடம் போதாது என்றார்கள். முன்னிலையில் நாலு பேரைக் குறைக்கலாமே என்றேன். இரண்டு பேர் என்னோடு இப்போது பேசுவதில்லை. பட்டியலில் பத்துப் பெயர் வந்தது. பதினோராவது ஆளின் நம்பரை வாங்கி நானே போன் போட்டேன். எங்கோ கொடையில் இருந்தார், பின்னால் நாதஸ்வரச் சத்தம்.

"எம் பேரு எதுக்குண்ணே? மேளம்னு போட்டா போதாதா?"

பெயரையும் தகப்பனார் பெயரின் முதல் எழுத்தையும் சொல்லச் சொல்லி எழுதிக்கொண்டேன். தவிலா, பம்பையா என்றும் கேட்டேன். ரெண்டும்தான் என்றார்.